பழைய லொறியில் புதிய மீற்றர்: கண்டி வட்டார மரபு குறித்த ஒரு முன்னாய்வு

கண்டி மாநகரையும் அதைச் சூழ்ந்த கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை, பிலிமத்தலாவ ஆகிய ஊர்களையும் ஆய்வுப் பரப்பாகக் கொண்டு, பழைய லொறியின் டாஷ்போட்டில் அது பிறந்தபோதே பொருத்தப்பட்டிருந்த கம்பனி மீற்றரை அகற்றிவிட்டு அவ்விடத்தில் கடை மீற்றரைப் பொருத்தும் வழக்கத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதைவிடச் சிறிய பொருள்கள் பற்றி இதைவிடப் பெரிய ஏடுகள் எழுதப்பட்டுக் கலாநிதிப் பட்டத்துக்கு ஏற்கப்பட்டுள்ளமையை நோக்கும்போது, இத்துறை இதுகாறும் தீண்டப்படாமற் கிடந்தமை தற்செயலானது என்று கொள்வதற்கில்லை.

‘பழைய லொறி’ எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1931 இல் தோன்றிய பெட்போர்ட் மரபில் வந்த, மரப்பெட்டி பூட்டிய லொறிக்கே அப்பெயர் பொருந்தும் என்பார் ஒரு சாரார். டாட்டாவும் இசுசு எல்பும் அதில் அடங்கும் என்பார் மறுசாரார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை பெரும்பாலும் அப்படியே இருந்தமையால், அவ்விடைக்காலத்தில் நாட்டிலுள்ள லொறிகள் யாவும் பழையனவாகிவிட, விவாதம் தானே ஓய்ந்தது.

மீற்றர் ஐவகைப்படும். அவற்றுள் வேக மீற்றரின் முள் பாடசாலை விடும் நேரத்தில் கண்டி நகருக்குள் அசைவதில்லையாதலின் அது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. எரிபொருள் மீற்றர் 2022 இல், கியூஆர் அட்டையும் கையுமாக மக்கள் வரிசையில் நின்ற நாட்களில், நாட்டிலேயே மிகக் கூர்ந்து வாசிக்கப்பட்ட பிரதியாக விளங்கியது. மின்னேற்ற மீற்றர் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. ஒயில் அழுத்த மீற்றரின் பழைய வகை, 1849 இல் பிரான்சில் பூர்தோன் என்பார் காப்புரிமை பெற்ற வளைந்த குழாயைக் கொண்டது. அழுத்தம் ஏற வளைவு நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். எஞ்சினிலிருந்து டாஷ்போட் வரை ஒயில் ஒரு மெல்லிய குழாய் வழியே தானே நேரில் வந்து சாட்சி சொல்லும் இம்முறை மிக நேர்மையானது. அக்குழாய் வெடித்தால் கொதிக்கும் சாட்சியம் சாரதியின் காலில் கொட்டும் என்பது மட்டுமே அதன் குறை.

ஐந்தாவதான வெப்ப மீற்றரே இம்மரபின் உயிர்நிலை. கொழும்பிலிருந்து வரும் லொறி, கப்டன் டோசனின் பெயரால் 1832 இல் கோபுரம் எழுந்த கடுகண்ணாவைக் கணவாயில் ஏறும்போது சாரதியின் கண் வீதியில் பாதியும் முள்ளில் பாதியுமாக இருக்கும். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே திறந்த பாத்திரத்து நீர் 98 பாகை செல்சியசுக்குச் சற்று மேலேயே கொதித்துவிடும் என்பதும், றேடியேற்றர் மூடி அழுத்தத்தைத் தாங்கி அக்கொதிநிலையை உயர்த்துகிறது என்பதும், ஆகவே மூடியின் ரப்பர் தேய்ந்த லொறிக்கு எந்த மீற்றரும் உதவாது என்பதும் பௌதிகம். ஆயினும் மாற்றப்படுவது மூடியன்று, மீற்றரே.

இம்மாற்றத்தில் நிகழும் பிழை கூர்ந்து நோக்கத்தக்கது. உணரி என்பது எஞ்சினின் குளிர்நீரில் முனை நனைந்திருக்கும் சிறு உறுப்பு. சூடு ஏற அதன் மின்தடை குறையும். மீற்றர் அத்தடையை வாசித்து முள்ளை நகர்த்தும். ஒரு மீற்றர் தனக்கென அமைந்த உணரியோடு மட்டுமே பேசவல்லது. கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் மீற்றரை மட்டும் வாங்கிவந்து பழைய உணரியோடு இணைப்போர், மூலத்தைத் திறவாமல் உரையை மட்டும் கற்றுத் தேர்ந்த அறிஞரின் நிலையை எய்துகின்றனர்: முள் தயக்கமின்றி ஓர் எண்ணைக் காட்டும், எஞ்சினுக்கும் அதற்கும் தொடர்பிராது.

இதனினும் நுட்பமானது ‘இரட்டைப் பொய்’. பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் எரிபொருள், வெப்ப மீற்றர்கள் இரண்டுக்கும் ஏறத்தாழ 10 வோல்ட் மின்னைச் சீராக வழங்கும் நிலைப்படுத்தி ஒன்று உண்டு. அதன் எர்த் இணைப்புத் துருப்பிடித்தால் இரு முட்களும் ஒருசேர உயர, தாங்கி நிறைந்திருக்கிறது என்ற மகிழ்ச்சியும் எஞ்சின் கொதிக்கிறது என்ற அச்சமும் சாரதிக்கு ஒரே வேளையில் உண்டாகும். இரு பிரதிகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்தால் இரண்டும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்பது சுவடியியலின் அரிச்சுவடி. பல்கலைக்கழகங்களில் இவ்விதியைச் சகபாடிகளின் நூல்களுக்குப் பொருத்திப் பார்க்கும் வழக்கம் இல்லை. கராஜிலும் இல்லை. சிறிது உப்புத்தாள் தேய்த்துத் தீர்க்கவேண்டியதை இரண்டு புதிய மீற்றர் வாங்கித் தீர்க்கின்றனர்.

இனித் தட்டியல். மீற்றர் காட்டுவதை நம்புமுன் அதன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தல் எல்லாச் சாரதியர்க்கும் பொது. இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குதல் பொருந்தாது. பழைய முள் தன் தாங்கியில் உராய்வினால் ஒட்டி நிற்க, தட்டு அவ்வொட்டலைத் தளர்த்தி முள்ளை உரிய இடத்தில் நிறுத்தும்; சுவரில் தொங்கும் பழைய காற்றழுத்தமானியையும் தட்டியே வாசிப்பர். தட்டு, நகத்தட்டு, முட்டித்தட்டு, உள்ளங்கை அறை என மூவகைத்து. நகத்தட்டு ஐயத்தில் நிகழ்வது. முட்டித்தட்டு கடனில் நிகழ்வது. உள்ளங்கை அறை ஏற்றத்தில் நிகழ்வது. சிறுசிறு படிகளாகச் சுழலும் மோட்டரால் இயங்கும் புதிய மீற்றரில் முதலிரண்டும் பயனற்றவையாயினும் அவை குறைந்தபாடில்லை. மூன்றாவதோ சில வேளைகளில் புதியதிலும் பலிக்கிறது, அதிர்ச்சியில் எர்த் வயர் கணநேரம் ஒட்டிக்கொள்வதால். இக்கருத்துக்கு ஆதாரம்: கட்டுகஸ்தோட்டைக் கராஜ் ஒன்றின் கிழக்குச் சுவர், கிறீஸ் விரலால் எழுதிய குறிப்பு, மூன்றாம் வரி (முதலிரு வரிகள் சுண்ணாம்பில் மறைந்தன). இதற்கு மாறாக, ரயர்க்கடை நாட்காட்டியொன்றின் பின்புறத்தில், ஒயில் கறைக்கு இடப்பக்கத்தில் காணும் குறிப்பு ‘தட்டாதே’ என்கிறது. கறை பிற்காலச் சேர்க்கை என்றும், கறைக்கு அடியில் ‘பலமாக’ என்னும் சொல் இருந்திருக்கலாம் என்றும் கம்பளைத் தரப்பினர் வாதிடுவர். நாட்காட்டி எந்த ஆண்டினது என்பதை நிறுவப் போயா நாட்கள் ஒப்பிடப்பட்டு வருகின்றன. இதற்கு நிதியும் ஓர் ஆய்வு உதவியாளரும் தேவை.

பொருத்தும் இடமும் ஆய்வுக்குரியது. கடை மீற்றர் பெரும்பாலும் 52 மில்லிமீற்றர் விட்டமுடையது. பழைய துளை அதற்கு ஒத்துவருவது அரிது. டாஷ்போட்டின் மேற்பரப்பிலோ புத்தர், பிள்ளையார், அந்தோனியார் ஆகியோர் மினுக்கும் பல்புகளுடன் முன்பே எழுந்தருளியிருப்பர். ஆகவே புதிய மீற்றர் சாரதியின் முழங்காலருகே தகரப் பட்டியில் தொங்கவிடப்படுகிறது. சாவியைத் திருப்பியதும் அதன் முள் கடைக்கோடி வரை ஓடித் திரும்புவது யாருக்கு இடும் வணக்கம் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

கழற்றிய கம்பனி மீற்றர் எறியப்படுவதில்லை. செய்தித்தாளில் சுற்றி ஆசனத்தின் கீழ் வைக்கப்படும் அது, லொறி விலைக்கு வரும் நாளில் மீண்டும் தன் துளையில் ஏற்றப்படும். வாங்க வந்தவர் அசையாத முள்ளைக் கண்டு, எல்லாம் அசல் என்று மகிழ்ந்து, கண்ணாடியை ஒருமுறை நகத்தால் தட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பார்.