அப்போஸ்தலர் ஒப்பு

வர்ஜீனியாவில் இருக்கும் அத்தான், இடுப்பில் சாரமும் மேலே கோட்டுமாக, அடுக்களை மேசையில் உட்கார்ந்தபடியே நோட்டரி முன்னால் ஆஜரானார். நோட்டரி கணினித் திரையில் இருந்தார். அத்தான் லைசென்ஸைக் கேமராவுக்குக் காட்டினார், முன்பு எந்தத் தெருவில் குடியிருந்தீர் என்பது போன்ற கேள்விகளுக்குப் பதில் சொன்னார், விரலால் ஒரு கிறுக்குக் கிறுக்கினார். கால் மணி நேரத்தில் காரியம் முடிந்தது. நடந்ததெல்லாம் வீடியோவில் பதிவாகியிருக்கிறது, சாரம் தவிர. அமெரிக்காவில் இந்த வழியை முதலில் திறந்துவிட்ட மாநிலம் வர்ஜீனியாதான். 2012 ஜூலையிலிருந்து நடக்கிறது. சட்டத்தைத் தானே எழுதியதுபோல அத்தானுக்கு அதில் ஒரு பெருமை.

கோட்டாற்றில் அவர் பங்குக்கு வந்த பதினோரு சென்ட்டை விற்பதற்கு எனக்குப் பவர். மின்னஞ்சலில் வந்ததை அச்செடுத்துக்கொண்டு கம்போளத்துப் பக்கம் ஆதாரம் எழுதும் அண்ணாச்சியிடம் போனேன். எங்கள் பக்கம் பத்திரத்துக்கு ஆதாரம் என்றும் பிரமாணம் என்றும் பேர். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததன் மிச்சம். ஆதார் அட்டை வந்த புதிதில், பேங்கில் ஆதாரம் கேட்டார்கள் என்று வீட்டுப் பிரமாணத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனவர் எங்கள் தாத்தா.

அண்ணாச்சி தாளை வெளிச்சத்தில் பிடித்தார். சீல் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"மையே ஒட்டலியே மக்கா."

"டிஜிட்டல் சீல் அண்ணாச்சி."

"அப்போ இவரு நோட்டரி முன்னால போகவே இல்லியா?"

"வீடியோல போயிருக்காரு. கால் மணி நேரமும் நோட்டரி இவரு மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்திருக்காரு."

"நம்மூர்ல மூஞ்சியப் பாக்காட்டாலும் கேடில்ல. ஆளு நேர்ல வரணும். அதுல்லா முறை."

நம் நோட்டரி சட்டம் 1952-இல் வந்தது. வீடியோவில் ஆஜராவது பற்றி அதில் பேச்சே கிடையாது. அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கையோடு கொண்டுபோன பையிலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. கொல்லம் ஆண்டு 1109, மலையாள எழுத்து. வடக்கு எல்லையைக் கரையான் தின்றிருந்தது. அடியில் ஒரு மைத் திட்டு, கொள்ளுத்தாத்தாவின் பெருவிரலாம். பூனைக்குட்டியின் பாதம் என்றாலும் நம்பலாம். அண்ணாச்சி செருப்பைக் கழற்றாத குறையாக அதை இரண்டு கையாலும் வாங்கி, "இதுல்லா பிரமாணம்" என்றார்.

கடைசியில் வழி சொன்னார். அத்தான் அங்கே ஒரு நோட்டரியை நேரில் பார்த்து, பேனா மையால் ஒப்பிட்டு, மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பி அப்போஸ்டில் வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பத்திரத்துக்கான அந்த முத்திரையை இந்தியா 2005-இலிருந்து ஏற்றுக்கொள்கிறது. தாள் இங்கே வந்து சேர்ந்தால் மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அத்தானிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேன்ட் போடணுமால?" என்று கேட்டார்.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"அப்போஸ்தலரா? அவர்ட்ட ஒப்பு வாங்கவா ரிச்மண்டுக்கு அனுப்பணும்? சவேரியார் கோயில் இந்தா இருக்கு."

"அப்போஸ்தலர் இல்ல அத்தை, அப்போஸ்டில். ஒப்பு போடுற ஆளும் கையும் ஒரே எடத்துல இருக்கணும்னு பிடிவாதம் பிடிக்காங்க."

அத்தை கத்தியை நிறுத்தினாள். 2014-இல் சவேரியார் திருவுடலைப் பொது தரிசனத்துக்கு வைத்தபோது பஸ் பிடித்துக் கோவா போய் வந்தவள். புனிதரின் வலது முன்கையை 1614-இல் வெட்டி ரோமுக்குக் கொண்டுபோன கதையை வழிகாட்டி சொன்னதிலிருந்து அவளுக்கு அது தீராத விசாரம்.

"அப்போ சவேரியாரு பவர் எழுதணும்னா கோவாவுக்குப் போகணுமா, ரோமுக்குப் போகணுமா? அண்ணாச்சிட்ட கேட்டுட்டு வா."

கேட்டேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கை இருக்கிற எடத்துக்குத்தான் மக்கா."