போர்டு போயிருச்சுன்னா சொன்னான்?

வா அப்பு, உட்காரு. விண்டோஸ் 11 ஏத்தினியாம், ஏத்தின கையோட பிரிண்டர் வாயை மூடிருச்சாம், செக்காலையில உன் கடைக்குச் சிட்டா எடுக்க வந்த சனம் பூராம் எதிர்த்த கடைக்குப் போயிருச்சாம். உங்க அப்பத்தா எல்லாத்தையும் சொன்னா. வருத்தப்பட்டுத்தான் சொன்னா. நான்தான் சிரிச்சுட்டேன், கோவிச்சுக்காதே.

சர்வீஸ்காரப் பையன் வந்து பார்த்துட்டு, போர்டு போயிருச்சு, புதுசு வாங்கிக்கங்கன்னு சொன்னானாமே? கழட்டிப் பார்த்தானா? இல்லையா? மூடியைத் தொடாமலே உள்ளே இருக்கிற போர்டு போனது தெரியுதுன்னா, அவன் இந்தத் தொழில்ல இருக்க வேண்டிய ஆளே இல்லை. பிள்ளையார்பட்டி ரோட்டுல ஒரு ஜோசியக் கடை வச்சுக் குடு, நல்லா வருவான்.

நேத்து ராத்திரி வரைக்கும் அந்தப் பிரிண்டர் அச்சடிச்சது. நீ மாத்துனது கம்ப்யூட்டரை. பிரிண்டர்ல ஒரு திருகாணியைக்கூட நீ தொடலை. அப்புறம் அது எப்படிச் செத்துச்சு? நீ 11-க்குப் போனது தப்புன்னு சொல்லலை. 2025 அக்டோபர் 14-ஓட 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிருச்சு. ஆதார், பேங்க் புத்தகம்னு ஊரான் காகிதம் புழங்குற கடையில ஓட்டைக் கதவை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆனா கதவை மாத்துன அவசரத்துல துபாசியை வெளியே விட்டுட்டே.

பர்மாவுல கடை வச்சிருந்தாங்கள்ல செட்டியார்க, இங்கேயிருந்து போற ஆளுக்குப் பர்மியப் பேச்சு வராட்டி, பேச்சை மாத்திச் சொல்ல ஒரு துபாசி பக்கத்துல நிப்பான். துபாசி வராத அன்னிக்கு முதலாளியும் ஊமை இல்லை, கடன் கேட்டு வந்தவனும் ஊமை இல்லை. ஆனா கொடுக்கல் வாங்கல் நடக்காது. நீங்க டிரைவர், டிரைவர்ங்கிறீங்களே, அது அந்தத் துபாசிதான். போர்டு போயிருச்சுன்னு சொல்றவன், துபாசி வரலைன்னதும் முதலாளிக்குப் பாடை கட்டுறவன்.

எனக்கு எப்படித் தெரியும்னுதானே பார்க்கிறே? கூட்டுறவுச் சங்கத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தப்ப அது முன்னாடி உட்காரப் பயப்படாத ஒரே ஆளு நான். மத்தவங்கல்லாம் செருப்பைக் கழட்டிட்டுத் தூரத்துல நின்னு கும்பிட்டாங்க.

சரி, முதல்ல ஒயரைக் கழட்டித் திரும்ப மாட்டு. சிரிக்காதே. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து, 1953-ல இந்த ஊர்ல செக்ரியைத் திறந்தாங்க. துரு எப்படிப் பிடிக்குதுன்னு உட்கார்ந்து ஆராயுற இடம். அதைத் தாண்டித்தான் தினம் பைக்குல பறக்குறே. உன் பிரிண்டர் முதுகுல இருக்கிற பொந்தை ஒரு நாளாவது துடைச்சிருக்கியா?

அப்புறம் பிரிண்டர் பட்டியலைத் திற. ஒரே பேரு ரெண்டு தடவை இருந்தாலும் இருக்கும். ஒண்ணு மங்கிப் போய்க் கிடக்கும், இன்னொண்ணு 'காப்பி 1'-னு வாலோட நிக்கும். ஒயரை வேற பொந்துல சொருகினா விண்டோஸ் அதைப் புது ஆளுன்னு நினைச்சுக்கிட்டு யூஎஸ்பி002-னு இன்னொரு வாசல் திறந்து விட்டுரும். நீ பழைய வாசல்லேயே கத்திக்கிட்டு இருப்பே. மங்குன பேரை எடுத்துரு. தலைமைப் பிரிண்டர் எதுன்னு விண்டோஸே முடிவு பண்ணட்டும்னு ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துரு. அது இருந்தா, கடைசியா எதுக்கு அனுப்புனியோ அதையே தலைவனா வச்சுக்கும். மத்தியானம் ஒருத்தருக்குப் பிடிஎஃப் போட்டுக் குடுத்திருப்பே. சாயங்காலம் வரைக்கும் சிட்டாவெல்லாம் பிடிஎஃப்பாவே போய்ச் சேரும், நீ காகிதத் தட்டை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கிட்டு இருப்பே.

கோவத்துல எத்தனை தடவை பிரிண்ட்டை அமுக்கினே? அத்தனையும் வரிசையில நிக்கும், முதல்ல நிக்கிறது நகராட்டி ஒண்ணும் நகராது. பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்திட்டு, சிஸ்டம்32-க்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரிண்டர்ஸ்னு ஒரு பெட்டி, அதைக் காலி பண்ணிட்டு, ஸ்பூலரைத் திரும்ப ஓட விடு. பெட்டியில இருக்கிறதைத்தான் அழிக்கச் சொன்னேன், பெட்டியையே அழிச்சுட்டு வந்து நிக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் பண்ணி வரலைன்னா, அது எந்தச் சாதின்னு பார்க்கணும். பதறாதே, பிரிண்டரோட சாதியைச் சொன்னேன். நம்ம பக்கத்துக் கடைகள்ல உட்கார்ந்திருக்கிற கேனான் எல்பிபி2900, எச்பி லேசர்ஜெட் 1020 ரெண்டையும் எடுத்துக்க. ரெண்டுக்கும் அந்த 12ஏ கார்ட்ரிட்ஜையே ரீஃபில்காரர் மாட்டி விட்டுட்டுப் போயிருவார். விலையும் குறைச்சல், உழைப்பும் உழைப்பு. எப்படி விலை குறைஞ்சதுன்னு யாரும் கேட்கலை. தாள்ல எந்தப் புள்ளி கருப்பு, எந்தப் புள்ளி வெள்ளைன்னு கணக்குப் போடுற வேலையை அந்தப் பிரிண்டர் பார்க்காது, கம்ப்யூட்டர்ல இருக்கிற டிரைவர் பார்க்கும். 2900-க்குள்ள இருக்கிற நினைவு 2 எம்பி. 1020 கதை இன்னும் மோசம். கரண்டு போச்சுன்னா தான் யாருங்கிறதே அதுக்கு மறந்துரும். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் அதோட புத்தியை டிரைவர்தான் ஒயர் வழியா ஊட்டி விடணும். புத்தியைக் கம்ப்யூட்டர்ல வச்சுட்டு உடம்பை மட்டும் பெட்டியில போட்டு வித்தாங்க. நாமளும் மலிவா இருக்குன்னு வாங்கிட்டு வந்தோம். நீ கம்ப்யூட்டரைத் துடைச்சே, புத்தியும் சேர்ந்து போச்சு.

அதனால கம்பெனியோட சொந்தத் தளத்துக்குப் போய், 64-பிட் டிரைவரா பார்த்து எடு. 11-ல 32-பிட்டுங்கிற பேச்சே கிடையாது. பெட்டியோட வந்த சிடியை மஞ்சப்பையில வச்சிருக்கியே, அது எக்ஸ்பி காலத்துச் சிடி, அதைத் தென்னை மரத்துல கட்டி விடு, காக்காவாவது பயப்படும். பத்து வருசத்து டிரைவரையும் பத்தே நொடியில தேடித் தர்றோம்னு ஒருத்தன் கூப்பிடுவான், அங்கே போகாதே. பிரிண்டர் வராது, வேற எல்லாம் வரும். அப்புறம், டிரைவர் ஏத்தும்போது ஒயரை முன்கூட்டியே மாட்டிட்டுக் காத்திருக்காதே, அது கேட்கும்போது மாட்டு. உனக்குப் பொறுக்காதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்.

இப்ப உன் கடை மூலையில துணி போட்டு மூடி, மேலே தண்ணிக் கேன் வச்சிருக்கியே டாட் மேட்ரிக்ஸு, அதைப் பத்திச் சொல்றேன். அதுக்குப் புத்தி அதோட மண்டையிலேயே இருக்கு. எழுத்து ஒவ்வொண்ணும் எப்படி இருக்கணும்னு உள்ளேயே வச்சிருக்கு. 27-னு ஒரு எண்ணை அனுப்பி, பின்னாடியே 64 அனுப்பு, உதறிக்கிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். எப்சன்காரன் 1980-கள்ல ஊரறிய வச்ச பேச்சு அது. நம்ம டிவிஎஸ் எம்எஸ்பியும் அதைத்தான் பேசுது. விண்டோஸுல 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி'ன்னு ஒரு டிரைவர் இருக்கு, யாரும் சீண்டுறதில்லை. அதை மாட்டுனாலே எண்ணும் இங்கிலீசும் கரகரன்னு வந்து விழும். போர்டு போயிருச்சான்னு பார்க்கக் கம்ப்யூட்டரே வேண்டாம். எப்சன் எல்எக்ஸ் வகையா இருந்தா எல்எஃப்/எஃப்எஃப் பொத்தானை அமுக்கிக்கிட்டே சுவிட்சைப் போடு, தானே அச்சடிச்சுக் காட்டும். அடிச்சா போர்டு நல்லா இருக்கு. அந்த ஜோசியருக்கு ஒரு நகல் அனுப்பி வை.

தமிழ்தான் கொஞ்சம் மல்லுக்கட்டு. அதோட மண்டையில அ, ஆ கிடையாது. வெறும் டெக்ஸ்டா அனுப்புனா முத்துக்கருப்பன் பூராம் கேள்விக்குறியா வருவான். எப்சன் டிரைவரைப் போட்டுப் படமா அனுப்பணும். மெதுவாத்தான் வரும். அது வர்றதுக்குள்ள நீ ஒரு டீ குடிச்சிரலாம், எப்படியும் குடிக்கத்தான் போறே.

பழைய பேரலல் ஒயருக்குப் புது கம்ப்யூட்டர்ல இடமில்லைன்னு அழுதியாம். யூஎஸ்பி ஒயர் ஒண்ணு கடையில கிடைக்கும், அந்தப் பக்கம் 36 முள்ளு. ஆனா டாஸ்ல ஓடுற பழைய பில்லு புரோகிராமை அதுல ஓட்டலாம்னு கனவு காணாதே. 64-பிட் விண்டோஸ் அந்த 16-பிட் சமாச்சாரத்தை உள்ளேயே விடாது.

உள்ளே இருக்கிற ரெண்டாவது கம்ப்யூட்டர்லேர்ந்து பிரிண்ட் போக மாட்டேங்குதா? 11பி-ன்னு முடியிற ஒரு பிழை எண் வருதா? அது 2021 சமாச்சாரம். அந்த வருசம் ஜூலையில ஸ்பூலர்ல பெரிய ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சு, பிரிண்ட்நைட்மேர்னு பேரு வச்சாங்க. கைவிட்ட விண்டோஸ் 7-க்குக்கூட மருந்து குடுத்தாங்கன்னா பார்த்துக்க. அதே வருசம் செப்டம்பர்ல வந்த திருத்தம், பகிர்ந்து வச்சிருந்த பல பிரிண்டரை ஊமையாக்கிட்டுப் போச்சு. ரிஜிஸ்ட்ரியில ஒரு எண்ணைச் சைபராக்குனா சரியாயிரும்னு ஒருத்தன் காதுல ஓதுவான். அந்தத் திருத்தம் அடைச்ச ஓட்டையைத் திரும்பத் திறக்கிறதுக்கு அது இன்னொரு பேரு. ரெண்டு கம்ப்யூட்டருக்கும் திருத்தங்களைப் பூராவும் ஏத்து, முதல்ல அதைப் பண்ணு.

விண்டோஸைத் திட்டாதே, அதுவும் பாவம். 2025 ஜனவரி கடைசியில ஒரு திருத்தம் வந்துச்சு. யூஎஸ்பியில மாட்டியிருந்த சில பிரிண்டர்க யாரும் கேட்காமலே 'போஸ்ட், ஐபிபி, எச்டிடிபி'ன்னு தாள் தாளா அடிச்சுத் தள்ளுச்சுக. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் தங்களுக்குள்ள பேசிக்கிறதை ஊருக்குக் காட்டிருச்சுக. உன் கடையில நடந்திருந்தா தாளுக்கு ரெண்டு ரூபாய்னு அதையும் வித்திருப்பே.

பிரிண்டர் மேல கோவப்பட்டதுல உருப்படியானவன் ஒருத்தன்தான் எனக்குத் தெரியும், அமெரிக்காவுல எம்ஐடியில இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980 வாக்குல அவங்களுக்கு ஜெராக்ஸ் பிரிண்டர் ஒண்ணு வந்துச்சு, அடிக்கடி தாள் சிக்கும். பழசுக்குத் தாள் சிக்குனா அச்சுக்குக் காத்திருக்கிறவங்களுக்குச் சேதி போற மாதிரி அவனே மென்பொருளைத் திருத்தி வச்சிருந்தான். புதுசோட மூல நிரலைத் தர மாட்டேன்னுட்டாங்க. நீயா இருந்தா எதிர்த்த கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்திருப்பே. அவன் 1983-ல குனூன்னு ஒரு இயக்கத்தையே அறிவிச்சுட்டான். இன்னிக்கு லினக்ஸுங்கிறாங்களே, அதுக்குப் பாதி உடம்பு அங்கேயிருந்து வந்தது.

அந்த லினக்ஸுல 1020-க்குப் புத்தி ஊட்டுறதுக்குன்னே ஆர்வலர்க மென்பொருள் எழுதி வச்சிருக்காங்க. பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸைப் போட்டு, பிரிண்டரை அதுல மாட்டிப் பகிர்ந்து விட்டா, 11 அதுகிட்ட அனுப்பி அச்சடிச்சுக்கும். இது இப்ப மட்டும் இல்லை, பின்னாடியும் உதவும். கம்பெனிகளோட தனி டிரைவரைக் கொஞ்சம் கொஞ்சமா விடப் போறோம்னு மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பர்லேயே சொல்லிருச்சு. 2026 ஜனவரியிலேர்ந்து விண்டோஸ் அப்டேட் வழியாப் புது டிரைவர் ஏத்துறது கிடையாது. 2027 ஜூலையிலேர்ந்து பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். மாட்டியிருக்கிறது ஓடும். ஆனா அடுத்த தடவை துடைக்கிறதுக்கு முன்னாடி அந்த டிரைவர் கோப்பை ஒரு பென் டிரைவுல போட்டு, பெட்டியில வச்சுப் பூட்டிட்டு, சாவியை அப்பத்தாகிட்ட குடு. உன்கிட்ட வேண்டாம்.

பழசுன்னதும் தூக்கிப் போடுற கையி உனக்கு. கோட்டையூர்ல ரோஜா முத்தையா பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ்னு லட்சத்துக்குப் பக்கத்துல சேர்த்து வச்சிருந்தார். அவர் காலமானப்புறம் 1994-ல சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்குச்சு. இன்னிக்குச் சென்னையில நூலகமா இருக்கு. முனீஸ்வரன் கோயில் தெருவுல போய்ப் பாரு, அப்பத்தா ஊறுகாய் போட்ட பீங்கான் ஜாடியை எவனோ வெளியூர்க்காரன் பேரம் பேசாம வாங்கிட்டுப் போறான்.

அதுக்காக உன் டாட் மேட்ரிக்ஸை அந்தத் தெருவுல கொண்டுபோய் வைக்காதே. ஆடி மாசம் வருதுல்ல, பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து ஆரம்பிச்சிரும். இப்பல்லாம் மொய் எழுதுறதும் கம்ப்யூட்டர்தான், பணத்தைக் குடுத்தா ரசீதைக் கிழிச்சுக் குடுக்கிறாங்க. எனக்கு அங்கே ரெண்டு மூணு பேரைத் தெரியும். நீ புது லேசர் வாங்குறதா முடிவே பண்ணிட்டேன்னா வாங்கிக்க, நான் ஏன் தடுக்கப் போறேன். அந்த டாட் மேட்ரிக்ஸையும் பழைய கம்ப்யூட்டரையும் பழைய இரும்புக்காரன் என்ன விலைக்குக் கேட்டான்னு மட்டும் சொல்லு, மேலே நூறு ரூபாய் போட்டுத் தர்றேன். ரிப்பன் மிச்சம் இருந்தா அதையும் சேர்த்துக் குடு. அது தனி விலை இல்லை, அந்த நூறுக்குள்ளேயே.