டிவி இல்லாத வீடு: கேமரன் மலை லயங்களை முன்வைத்து ஓர் இன்மை ஆராய்ச்சி

வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியே இல்லாத குடும்பம் தொலைக்காட்சி லைசென்ஸ் எடுக்க வேண்டுமா, வேண்டாமா? பார்த்த மாத்திரத்தில் 'இதென்ன கேள்வி' என்று தோன்றும். அப்படித் தோன்றியதால்தான் தேயிலையைப் பற்றி எழுதியவர்கள் யாரும் இதைத் தொடவில்லை. மண்ணின் புளிப்பு, மழையின் அளவு, கொழுந்து எடுக்கும் பக்குவம் என்று அலமாரி அலமாரியாக எழுதிவைத்தார்கள். கொழுந்து எடுத்தவள் சாயங்காலம் யார் வீட்டு ஜன்னலில் நின்று படம் பார்த்தாள் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அந்தக் குறையை நிரப்ப வந்தது இக்கட்டுரை.

முதலில் ஆய்வுக்களம். பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் கேமரன் மலை. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்து பார்த்துவிட்டுப் போனதால் அவர் பெயர் மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவில் கன்று நட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். ஹாபு, சுங்கை பாலாஸ், பேர்லி, புளூவேலி என்று தோட்டத்துக்குத் தோட்டம் அவர்களுக்கு லயங்கள் எழுந்தன. லயம் இந்த ஆராய்ச்சிக்கு உயிர்நாடி. ஒரே கூரை, வரிசையாக வீடுகள், நடுவில் குறுக்குச் சுவர். பழைய லயங்கள் பலவற்றில் அந்தச் சுவர் கூரை வரை எட்டாது. முதல் வீட்டில் வெங்காயம் தாளித்தால் ஆறாம் வீட்டில் தும்முவார்கள்.

அடுத்து ஆய்வுப்பொருள். மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று தொடங்கியது. 1969-இல் இரண்டாவது அலைவரிசை, 1978-இன் கடைசியில் வண்ணம், 1984-இல் டிவி3. பார்ப்பதற்கு லைசென்ஸ் ஆண்டுக்கு 24 வெள்ளி (ரிங்கிட்), அதாவது மாதம் 2 வெள்ளி. அந்தக் காலத்துத் தோட்டச் சம்பளத்தில் 24 வெள்ளியை மொத்தமாக எடுத்துவைப்பது விளையாட்டல்ல. ஆகவே பெட்டி வாங்கியவர் லயத்துக்கு ஒருவராகவோ இருவராகவோதான் இருந்தார். மற்றவர்கள் பெட்டி இல்லாதவர்கள். ஆனால் படம் பார்க்காதவர்கள் என்று ஒருவர்கூட இல்லை. நம் சிக்கல் இங்கேதான் முளைக்கிறது.

'இல்லை' என்றால் என்ன என்பதை முதலில் வரையறுத்தாக வேண்டும். நம்மவர்கள் இதில் வெள்ளைக்காரர்களைவிடப் பல நூற்றாண்டு முந்தியவர்கள். உலகத்தில் உள்ள பொருள்களையெல்லாம் ஏழு வகையில் அடக்கிய தருக்க நூலார், ஏழாவதாக இன்மையையே வைத்தார்கள். இல்லாததும் ஒரு பொருள்தான் என்பது அவர்கள் துணிபு. வரித்துறை அதிகாரிகள் கண்ணில் இந்த நூல்கள் படாமல் போனது நாம் செய்த புண்ணியம். சிவஞான முனிவர் தமிழில் பெயர்த்த தருக்க சங்கிரகம் இன்மையை நான்காகப் பகுக்கிறது. குடத்தையும் ஆடையையும் வைத்து அவர்கள் விளக்கியதை நாம் டிவியை வைத்து விளக்குவோம்.

முன்னின்மை: பொருள் உண்டாவதற்கு முந்திய இன்மை. 'தீபாவளிக்கு வாங்கலாம்னு இருக்கோம்' என்று சொல்லும் வீடு இது. எந்தத் தீபாவளி என்று மட்டும் கேட்கக் கூடாது. முழுதுமின்மை: முன்னும் இல்லை, இனியும் இல்லை. சாமியாடிகளின் வீடும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடும் இதில் சேரும். இவ்விரண்டுக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்பதில் அறிஞர்களிடையே வேறுபாடு இல்லை; மேலே செல்லலாம்.

அழிவுபாட்டின்மைதான் தொல்லை பிடித்தது. பெட்டி இருந்தது, கெட்டுவிட்டது. ஆனால் போய்விடவில்லை. எழுபதுகளில் வந்த பெட்டிகளுக்கு நான்கு கால்கள் உண்டு. முன்னால் இழுத்து மூடும் மரக்கதவு, அதற்குப் பூட்டு. மேலே குரோஷா பின்னிய வெள்ளைத் துணி, துணியின்மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, பூச்சாடிக்குப் பக்கத்தில் மாலை போட்ட தாத்தா படம். உள்ளேயிருக்கும் படக்குழாய் செத்து மூன்று வருடம் ஆனாலும் இந்த மேல்கட்டுமானம் அப்படியே நிற்கும், பூட்டும் பூட்டியபடியே. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது டிவி. சொந்தக்காரருக்கு இது மேசை. லைசென்ஸ் கேட்டு வருபவர் எதை நம்புவார்? குடம் உடைந்தால் ஓடு தெரியும். டிவி உடைந்தால் டிவிதான் தெரிகிறது. தருக்க நூலார் இதை எதிர்பார்க்கவில்லை என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

நான்காவதான ஒன்றினொன்றின்மைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஜன்னல்.

லயத்தில் பெட்டி உள்ள வீட்டின் ஜன்னல் எத்தகையது? தமிழ்ப் படம் போடுகிற இரவில் உள்ளே கூடத்தில் சின்னப் பிள்ளைகள் பாயில், அவர்களுக்குப் பின்னால் பெண்கள், கதவருகே கிழவர்கள், ஜன்னலில் இளவட்டங்கள், கம்பிக்கு இரண்டு முகம் வீதம். கேமரன் மலையில் இரவுக் குளிர் 15 டிகிரிக்கு இறங்கும். ஜன்னலை மூடினால் வெளியே இருப்பவர்களுக்குப் படம் போய்விடும். திறந்து வைத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு உடம்பு போய்விடும். லயத்தின் நியாயப்படி ஜன்னல் திறந்தே இருந்தது. லைசென்ஸ் கட்டியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தன் வீட்டுக்குள்ளேயே நடுங்கினார். கட்டாதவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே நின்றார்கள். கட்டணம் செலுத்தியவருக்கு இதனால் என்ன சலுகை கிடைத்தது என்று எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்திருக்கலாம். அதிலும் கங்காணி வந்தால் எழுந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு தடை. 'பார்ப்பவர் எல்லாரும் கட்ட வேண்டாமா?' எனின், அஃது அங்ஙனமன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை உண்டு, செக்கிறை உண்டு. தறி வைத்திருந்தவன் இறை கட்டினான். அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தவன் கட்டவில்லை. செக்குக்கு வரி, எண்ணெய் தேய்த்துக் குளித்தவனுக்கு இல்லை. இது நம் மரபு. மறுதரப்பார் இங்கிலாந்தைக் காட்டுவார்கள். காட்டட்டும். அங்கே 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கே வரி இருந்தது. வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணி வாங்கினார்கள். ஜனங்கள் செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தார்கள். அந்தச் சட்டம் கப்பலேறி தாப்பா வழியாக மலைக்கு வந்திருந்தால், ஒரே ஜன்னலுக்கு வெளிச்சத்துக்காக ஒரு வரி, எம்.ஜி.ஆருக்காக ஒரு வரி என்று இரண்டு விழுந்திருக்கும்.

அதே இங்கிலாந்தில் இன்றைய நிலை இன்னும் நுட்பமானது. 1946-இல் 2 பவுண்டாகத் தொடங்கிய லைசென்ஸ் 2025-இல் 174 பவுண்டு 50 பென்ஸ். கறுப்பு-வெள்ளைப் பெட்டிக்குக் குறைந்த கட்டணம் இன்னும் இருக்கிறது. கண் தெரியாதவர்களுக்குப் பாதிக் கட்டணம். பாதி எதற்கு என்று கேட்டால் காது இருக்கிறதே என்பது போலும். ஆனால் காதுக்கு மட்டுமான வானொலி லைசென்ஸை அவர்களே 1971-இல் எடுத்துவிட்டார்கள். இதன்படி லயத்தின் ஆறாம் வீட்டில் படுத்தபடி, கூரை எட்டாத சுவருக்கு மேலால் சிவாஜி கணேசன் வசனம் முழுவதையும் கேட்டு மனப்பாடம் செய்த பாட்டி எந்தச் சட்டத்திலும் சிக்கமாட்டார். முகத்தைப் பார்க்காமலே யார் அழுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று சொல்லக்கூடியவர் அவர். பார்த்தவர்களுக்கே அது விளங்காமல் மறுநாள் காலை அவரிடம் வந்து கேட்பதுண்டு.

இன்னொன்று. பெட்டி சொந்தமா என்பது அங்கே கேள்வியில்லை. ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்க்கிறாயா என்பதுதான் முதன்மையான கேள்வி. பெட்டியை வைத்துப் பழைய வீடியோ மட்டும் பார்த்தால் லைசென்ஸ் வேண்டாம். பெட்டியே இல்லாமல் போனில் நேரலை பார்த்தால் வேண்டும். தன் சொந்தப் பேட்டரியில் மட்டும் ஓடும் கருவியை வெளியே எடுத்துப்போய்ப் பார்த்தால் வீட்டு லைசென்ஸே போதும் என்றொரு விதியும் உண்டு. இதைப் படித்ததும் மின்சாரம் வராத தோட்டங்களில் கார் பேட்டரியில் ஓடிய டிவிகளை நினைத்துக்கொண்டேன். அந்தப் பேட்டரியைச் சார்ஜ் ஏற்ற டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்; வழியில் ஆசிட் சிந்திச் சட்டை ஓட்டையாகும்; உச்சக்கட்டச் சண்டையில் படம் நாலா பக்கமும் சுருங்கி, சுருங்கி, நடுவில் ஒரு புள்ளியாகி நின்றுவிடும். ஆனால் அது பெட்டிக்கு உள்ளே இருக்கும் பேட்டரி அல்ல, வெளியே கம்பி மாட்டியது. எனவே விலக்குக் கிடையாது. சட்டத்துக்கு ஓட்டைச் சட்டை கண்ணில் படாது.

லைசென்ஸ் இல்லாமல் பார்ப்பவர்களைப் பிடிக்க இங்கிலாந்தில் 1952 முதல் தெருத்தெருவாக வேன் விட்டார்கள். சுங்கை பாலாஸ் சாலையைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எதிரே ஒரு லாரி வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் போயாக வேண்டும்; பின்னால் போகத் தெரியாதவர் தேயிலைச் செடிக்குள் இறங்க வேண்டும். வேன் கியர் மாற்றும் சத்தம் மூன்று வளைவுக்கு முன்பே லயத்துக்குக் கேட்டுவிடும். அதற்குள் பெட்டிக்குக் கதவு சாத்தி, பூட்டி, தாத்தாவுக்குக் கற்பூரமே காட்டி முடித்துவிடலாம்.

அந்தச் சாலைக்கு மேலேதான் பிரிஞ்சாங் மலையின் உச்சி, ஏறத்தாழ 2,030 மீட்டர். உச்சியில் ஒலிபரப்பு, தொலைத்தொடர்புக் கோபுரங்கள். கீழே பள்ளத்தாக்குகளில் லயங்கள். தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் போகும். மலை குறுக்கே நின்றால் வளைந்து வந்து நலம் விசாரிக்காது. விளக்கடியில் இருட்டு என்பார்களே, அது இந்தத் தோட்டங்களுக்கென்றே சொன்னது. ஒரே லயத்தில் ஒரு கோடியில் படம் தெளிவாகவும் மறு கோடியில் ஒரு கதாநாயகிக்கு இரண்டு நிழல்களும் தெரிவது இயல்பு. இரண்டு நிழல் தெரிந்தவரும் அதே 24 வெள்ளிதான் கட்டினார். ஓர் ஆளுக்கு மூன்று ஆள் பார்த்ததற்குக் கூடுதல் கட்டணம் கேட்காததை அரசாங்கத்தின் பெருந்தன்மை என்றே கொள்ள வேண்டும்.

இனி ஒன்றினொன்றின்மை. குடம் ஆடை அன்று. ஆடை குடம் அன்று. அதுபோல டிவி போன் அன்று. போன் டிவி அன்று. நெடுங்காலம் இதில் ஐயமே இருக்கவில்லை. இன்று கேமரன் மலையில் கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் நிறைய. சாயங்காலம் விடுதி வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு நாடகம், ஆளுக்கொரு மொழி. ஒருவர் போனை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. அறைக்குள் டிவி கிடையாது. இது டிவி இல்லாத வீடா, பன்னிரண்டு டிவி உள்ள வீடா? தருக்க நூலார் இருந்தால் இன்மையில் ஐந்தாவது வகை ஒன்று சேர்த்திருப்பார்கள்: எங்கும் இருப்பதால் இல்லை என்று சொல்லப்படுவது. ஜெர்மனிக்காரர்கள் இவ்வளவு யோசிக்கவில்லை. 2013 முதல் கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு இவ்வளவு என்று விதித்துவிட்டார்கள். இப்போது மாதம் 18 யூரோ 36 சென்ட். நான்கு வகை இன்மையும் அங்கே ஒரே விலை. செக்கில்லாதவனிடமும் செக்கிறை வாங்கும் இந்த யோசனை ராஜராஜனுக்குத் தோன்றவில்லை.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 110 டாலராக இருந்ததை 2011-இல் எடுத்தார்கள். இந்தியாவில் தபாலாபீஸில் வரிசையில் நின்று ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் அது ஒழிந்தது. மலேசியாவிலும் 1998-இன் தகவல்தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்களை அகற்றியது. அந்த வாக்கிலேயே 24 வெள்ளி லைசென்ஸும் முடிந்தது. பிறகு 2019-இல் பழைய அனலாக் ஒளிபரப்பையும் நிறுத்திவிட்டார்கள். டிஜிட்டலுக்கு மாறும் டப்பாவைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது. ஆக, இன்று கேமரன் மலையில் டிவி உள்ளவர், இல்லாதவர், கெட்டுப்போன டிவிமேல் பூச்சாடி வைத்திருப்பவர் ஆகிய மூவருக்கும் லைசென்ஸ் வேண்டாம். இந்த முடிவைக் கட்டுரையின் முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே என்பவர்களுக்கு ஆராய்ச்சி முறை தெரியாது.

தீராத சிக்கல் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு லயத்திலும் கூரைமேல் ஒருவர் இருந்தார். இரும்புக் குழாயில் கட்டிய ஏரியலைப் பிடித்துக்கொண்டு, மழைத் தூறலில், 'தெரியுதா?' என்பார். கீழேயிருந்து 'இன்னும் கொஞ்சம்!' என்பார்கள். திருப்புவார். 'ஐயோ, போயிருச்சு, பழையபடி திருப்பு!' என்பார்கள். படம் தெளிந்ததும் கீழே எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். தெளிந்துவிட்டது என்று மேலே போய்ச் சொல்ல ஒருவருக்கும் நினைவிருக்காது. கையை எடுத்தால் படம் போய்விடுமோ என்று அவரும் விடமாட்டார். அவர் பெட்டியின் சொந்தக்காரரல்லர். அவர் வீட்டிலும் பெட்டி இல்லை. ஜன்னலிலும் நிற்கவில்லை. ஒரு காட்சிகூடப் பார்க்கவில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்த லயத்தில் யாரும் எதையும் பார்த்திருக்க முடியாது. எந்த நாட்டு லைசென்ஸ் சட்டத்திலும் இவருக்கு இடமில்லை. என் தீர்ப்பு இதுதான்: இவருக்குத்தான் ஆண்டுக்கு 24 வெள்ளி கொடுத்திருக்க வேண்டும். 1963-இலிருந்து கணக்குப் போட்டு, வட்டியோடு, ஜலதோஷத்துக்குத் தைலம் தனியாக.