வாத்தியாரும் நானே, மாணவனும் நானே

ஏலே பேராண்டி, கம்ப்யூட்டர்ல பாடம் நடத்தப் போறியாமே? பாடம் கெடக்கட்டும், முதல்ல காப்புரிமை வாங்குலே. பாடம் நடத்துதவன் பிள்ளைங்ககிட்ட பீஸ் வாங்குவான். காப்புரிமைக்காரன் நடத்துதவன்கிட்டயே வாங்குவான்.

அமெரிக்காவுல பிளாக்போர்டுன்னு ஒரு கம்பெனி 2006 ஜனவரில வாங்குச்சே, அதுல்லா சாமர்த்தியம்! மொத்தம் 44 கோரிக்கை. அதுல அவங்க பெருசாப் பேசுனது என்ன தெரியுமா? ஒரே ஆளு ஒரு வகுப்புல வாத்தியாரா இருப்பான், இன்னொண்ணுல மாணவனா இருப்பான். ஒரே தடவை உள்ள நுழைஞ்சா ரெண்டையும் பாக்கலாம். உங்க பெரியப்பன் பகல்ல கணக்கு வாத்தியாரு, சாயங்காலம் எங்கிட்ட சிலம்பம் படிக்கான். அவன் மேல கேஸ் போடாம விட்டாங்களே, புண்ணியவானுங்க!

கனடாக்காரன் டிசையர் டு லேர்ன் கம்பெனி மேல அந்த ஜூலையிலேயே கேஸ் போட்டுட்டாங்க. வாதி வாஷிங்டன், பிரதிவாதி கனடா, கோர்ட்டு டெக்சாஸ்ல லஃப்கின். ஏன் அங்கன்னு கேக்காதே, கிழக்கு டெக்சாஸ்னா காப்புரிமைக்காரனுக்கு மாமியார் வீடு. மூடில் மாதிரி இலவச மென்பொருள்காரங்க பயந்து சத்தம் போடவும், உங்களைத் தொட மாட்டோம்னு 2007-ல வாக்குக் கொடுத்தாங்க. 2008-ல ஜூரி 31 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லுச்சு.

இனிமேதான்லே கூத்து. அந்தக் கோரிக்கைல 1 முதல் 35 வரைக்கும் கீழ்க்கோர்ட்டே செல்லாதுன்னுருச்சு. யாரை எந்த ஃபைலுக்குள்ள விடணும்னு பாக்க ஒரு ஏற்பாடு இருக்குன்னு எழுதுனவங்க, அது எப்பிடிப் பாக்கும்னு எழுதல. 2009 ஜூலைல மேல்கோர்ட்டும் அதை வெறும் கருப்புப் பெட்டின்னு சொல்லித் தள்ளிருச்சு. வழக்குல மிச்சம் 36, 37, 38. ஒரே தடவை நுழையுதமே, அதுதான் எங்க புதுமைன்னு பிளாக்போர்டு வாதம். கோர்ட்டு காயிதத்தைப் பாத்தா, அந்த மூணுலயும் அந்தப் பேச்சே இல்ல! அதை எடுத்துட்டா மிச்சமெல்லாம் பழைய மென்பொருள்லயே இருந்த சமாச்சாரம். 31 லட்சமும் போச்சு.

அதனால நீ எழுதுறப்ப ஊரான் செய்யுததை எல்லாம் தாராளமா எழுதிக்கோ. நீ செஞ்சது ஏதாவது இருந்தா ஓரத்துல அதையும் ஒரு வரி சேத்துக்கோ, மறந்துராதே.

அந்த டிசம்பர்ல ரெண்டு கம்பெனியும் சமாதானமாப் போயிட்டாங்க. வக்கீலுங்க பீஸைத் திருப்பிக் குடுத்ததாக் கேள்விப்படல. பேசாம நீ வக்கீலுக்குப் படிச்சிரேன்லே?