ஏமாறாத மாப்பிள்ளை

நிச்சயதார்த்தத் தட்டு மாற்றிய அன்று ராத்திரியே இந்த மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்துவிடுவார். பெண்ணுக்கு 'சாப்டாச்சா?' என்று மெசேஜ் அனுப்பத்தானே என்று நீங்கள் நினைத்தால், ஆளைத் தெரியாது உங்களுக்கு. எக்செல் ஷீட் போடுகிறார். ஃபைலின் பெயர் 'ஹனிமூன் ஃபைனல்'. மறுநாள் அது 'ஃபைனல் 2' ஆகும். முகூர்த்தத்துக்குள் 'ஃபைனல் 9' வந்துவிடும்.

சந்தோஷமாக இருந்துவிட்டு வர வேண்டும் என்பதெல்லாம் இவருக்கு இரண்டாம்பட்சம். "ஏமாந்துடக் கூடாது சார்", அதுதான் முக்கியம். ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களின் விமர்சனத்தைப் படிக்கவே மாட்டார். அவர்களெல்லாம் ஓட்டல்காரரின் மச்சான் வகையறா. ஒற்றை நட்சத்திரக்காரர்கள் எழுதியதுதான் வேதவாக்கு. என்றைக்கோ ஒரு புண்ணியவான் 'சாம்பாரில் உப்பில்லை' என்று எழுதிப் போட்ட பாவத்துக்கு, ஒரு நல்ல ஓட்டல் இவர் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டது.

கல்யாணம் தை மாதக் கடைசி முகூர்த்தத்தில். மூணாறு போகலாமே என்றான் நண்பன். "இரவிகுளத்துல வரையாடு குட்டி போடற சீசன்டா. பிப்ரவரி, மார்ச்ல பூங்காவையே மூடிடுவாங்க. கேட்டைப் பார்த்துட்டு வரவா அவ்வளவு தூரம்?" கொடைக்கானல்? "குறிஞ்சி 2018-ல பூத்தது. பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி இனி 2030-லதான்." கல்யாணத்தையே 2030-க்குத் தள்ளினால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தார். அம்மா முறைத்த முறைப்பில் ஊட்டி முடிவானது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 2005-ல் யுனெஸ்கோ கொடுத்த அந்தஸ்து எல்லாம் ஷீட்டில் ஏறின. ரயில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது 2024 நவம்பரில். கவலைப்பட இருந்த நாளில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்களே என்று இவருக்கு இன்னும் ஆறவில்லை. ரயில் ஓடாவிட்டால் பஸ், பஸ் கிடைக்காவிட்டால் டாக்ஸி. அந்த டாக்ஸிக்கு இ-பாஸ், இ-பாஸுக்கு மூன்று ஜெராக்ஸ்.

இனி ஓட்டல் ரிசப்ஷன் பையனின் முறை.

"லேக் வியூ ரூம்னு போட்டிருக்கீங்க. ஏரி எங்கேயிருந்து தெரியும்?"

"ரூம்லேர்ந்தே தெரியும் சார்."

"கட்டில்ல உட்கார்ந்தா தெரியுமா, பாத்ரூம் வென்டிலேட்டர்ல எட்டிப் பார்த்தா தெரியுமா?"

"...பால்கனி ஓரமா நின்னா தெரியும் சார்."

"ஓரம்னா எவ்வளவு ஓரம்? சரி, வெந்நீர் நாள் பூரா வருமா, காலையில ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்குமா? அப்புறம், கட்டில் மேல டவல்ல அன்னம் பண்ணி வைப்பீங்களே..."

"ஆமா சார், ரெண்டு அன்னம். ஹனிமூன் பேக்கேஜ்ல ஃப்ரீ."

"அந்த ரெண்டு போக, தலை துவட்ட டவல் தனியா உண்டா?"

பையன் மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் லீவு போட்டார்.

நடுவில் அம்மா புகுந்தார். முதலில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும். அப்புறம் பெரியம்மா வீட்டு விருந்து, அதற்கடுத்து சித்தப்பா வீட்டு விருந்து. போகாவிட்டால் அவர்கள் காலத்துக்கும் பேசமாட்டார்கள். இவர் அசரவில்லை. 'விருந்து (தவிர்க்க முடியாதவை)' என்று தனி ஷீட் திறந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ஜெலுசில் கணக்கு எழுதினார்.

ஊட்டியில் இறங்கினார்கள். ரயில் ஓடியது. ஏரி கட்டிலிலிருந்தே தெரிந்தது. வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. டவல் உபரியாகவே இருந்தது. மறுநாள் 2,637 மீட்டர் தொட்டபெட்டாவில் மேகம் ஒரு துணுக்குகூட இல்லை. மனிதர் முகம் வாடிவிட்டது. கொண்டுவந்த குடை, டார்ச், மெழுகுவத்தி, எலக்ட்ரிக் கெட்டில், ஓட்டல்காரரிடம் சண்டை போட எடுத்து வைத்த பிரிண்ட் அவுட், எதற்கும் வேலை வரவில்லை.

மூன்றாம் நாள் காலை 5.30-க்கு 'உறைபனி பார்த்தல்' என்று ஷீட்டில் இருந்தது. எழுப்பினார்.

"என்னங்க," போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "முகூர்த்தத்துக்கு மூணு மணிக்கு எழுப்பினாங்க. ரிசப்ஷன்ல நாலு மணி நேரம் நிக்க வச்சாங்க. பொங்கல் வைக்க விடியறதுக்கு முன்னாடி எழுப்பினாங்க. எனக்குத் தூங்கணும். அவ்வளவுதான். இதை நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

பதினொன்றரை வரை தூங்கினாள். இவர் கெட்டிலில் வெந்நீர் வைத்து இரண்டு தரம் டீ போட்டுக் குடித்தார். கொண்டுவந்த சாமான்களில் ஒன்றாவது உதவியதே என்று கொஞ்சம் தெம்பு வந்தது.

இப்போது சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் மாப்பிள்ளையின் போனுக்கு 'ஃபைனல் 10' வந்து சேர்கிறது. பழைய ஷீட்தான். டவல் கேள்விகூட அப்படியே இருக்கிறது. ஒரு வரி மட்டும் புதிது, மஞ்சள் அடித்து: 'முதல் இரண்டு நாள் – மனைவி தூக்கம். மாற்று ஏற்பாடு கிடையாது.'