அடியில் கை வைக்கும் சொல்

கே: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'சப்வர்ட்' என்ற ஆங்கில வினைக்குச் சரியான தமிழ் என்ன?
– ஒரு மாணவி, அண்ணனூர்

ப: கவிழ்ப்பது. 'ஆட்சியைக் கவிழ்த்துட்டாங்க' என்று டீக்கடையில் பேசுகிறோமே, அதேதான். லத்தீனில் 'சுப்' என்றால் அடியில். 'வெர்த்தெரே' என்றால் திருப்புவது. அடியில் கைகொடுத்துப் புரட்டிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் வேலை நடந்தால் ரயிலை 'டைவர்ட்' செய்கிறார்களே, அந்தச் சொல்லுக்கும் இதே வேர்.

கே: 'அண்டர்மைன்' என்றாலும் அதுதானே?
– அவரே

ப: இல்லை, அது குழிபறிப்பது. பழைய முற்றுகைப் போர்களில் கோட்டைச் சுவருக்கு அடியில் தோண்டி, மேலே சரியாமல் மரக்கட்டைகளை முட்டுக்கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் கட்டைகளுக்குத் தீ வைப்பார்கள். கட்டை எரிந்தால் சுவர் தானாக உட்கார்ந்துவிடும். இப்படித் தோண்டுபவருக்கு 'சாப்பர்' என்று பெயர். 1780-இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படை இன்று பெங்களூருவில் இருக்கிறது; அதன் வீரர்களைச் செல்லமாக 'தம்பி' என்றே அழைக்கிறார்கள். அண்ணனூர்க் கேள்விக்குத் தம்பியிடம் பதில்!

மேலாளர் முதுகுக்குப் பின்னால் 'அவர் சொன்னா ஆச்சா?' என்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தால் அது அண்டர்மைன். மேலாளர் என்ற ஏற்பாட்டையே தலைகீழாக்கினால் அது சப்வர்ட்.

கே: அரசை எதிர்த்துப் பேசினாலே 'சப்வர்ட்' செய்ததாகிவிடுமா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அண்ணனூர்

ப: ஆகாது, ஆகவும் கூடாது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் பட்டப்பகலில் போட்டியாக நின்றார், மேடையில் பேசினார். அவர் எங்கே குழிபறித்தார்? ஆனாலும் 1908-இல் ராஜதுரோகம் என்று இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள், மேல்முறையீட்டில்தான் குறைந்தது. அதற்குப் பயன்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022-இல் நிறுத்திவைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் ராஜதுரோகம் என்ற சொல் இல்லை. ஆனால் அதன் 152-ஆம் பிரிவில் நம் மாணவி கேட்ட சொல் 'சப்வர்சிவ்' என்ற வடிவில் வந்து உட்கார்ந்திருக்கிறது, ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய பிரிவில். அதற்கு என்ன பொருள் என்று சட்டம் விளக்கவில்லை. எது கேள்வி, எது கவிழ்ப்பு என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதிதான் சொல்ல வேண்டும்.