டிக்கெட் இல்லாத பயணி

சாயங்கால வேளையில் மேற்கு மாரெட்பள்ளித் தெருக்களில் நடந்து பாருங்கள். ஏதாவதொரு வாசலில், செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "கெளம்பலாமா?" என்று ஒரு வாண்டு நிற்கும். எங்கே என்று கேட்டால் பதில் வராது. கிளம்புவது அதன் வேலை, இடம் தேடுவது பெரியவர்கள் வேலை.

வாண்டுக்கு வயது நாலரை. வீட்டுப் பாஷை தமிழ். கண்டோன்மென்ட் காலத்தில் மதராஸ் பட்டாளத்தோடு வந்தவர்கள், பின்னால் ரயில்வே, பாங்கு என்று வேலைக்கு வந்தவர்கள் எனச் சிகந்தராபாத்துக்குத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் தமிழைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள். வாண்டு அதைக் காலைப் பத்து மணிக்குள் கலைத்துவிடும். பாட்டியிடம் தமிழ், பாத்திரம் தேய்க்க வருபவரிடம் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் ஹைதராபாத் இந்தி. சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் மட்டும் எல்லாரிடமும் ஒரே சொல்: "நக்கோ!" தக்கணியில் 'வேண்டாம்' என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலார் ஜங் மியூசியம் போனார்கள். அங்கே பழைய இசைக் கடிகாரம் ஒன்று உண்டு. மணிக்கொரு தரம் சின்னப் பொம்மை ஆசாமி ஒருவர் வெளியே வந்து மணியடித்துவிட்டு உள்ளே போவார். பன்னிரண்டு அடியையும் கேட்கவேண்டுமென்று அப்பா பதினொன்றரைக்கே முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டார். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு வாண்டு அவர் காதில், "அப்பா, உச்சா" என்றது. ஓடிப்போய்த் திரும்பி வருவதற்குள் பொம்மை ஆசாமி தன் கடமையை முடித்துவிட்டார். அப்பா முகம் தொங்கிப்போயிற்று. வாண்டுக்குத் துளி வருத்தமில்லை. "வழியில ஒரு புறா ஒத்தக் கால்ல நிக்குதுப்பா!" அன்று ராத்திரி பாட்டியிடம் மியூசியத்தைப் பற்றி அரைமணி நேரம் வர்ணித்தது. அத்தனையும் புறா.

மெட்ரோவும் இப்படித்தான். 2017இல் ஹைதராபாத்துக்கு மெட்ரோ வந்தது ரயிலுக்காக என்று நாம் நினைக்கிறோம். பரேட் கிரவுண்ட் நிலையத்து எஸ்கலேட்டரில் வாண்டை ஏற்றிப் பாருங்கள். மூன்று தடவை ஏறி இறங்கிய பிறகு, "போதும், வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிடும்.

எங்கே போய்வந்தாலும், துவைக்கப் போடுமுன் கால்சட்டைப் பையைத் துழாவினால் அன்றைய பயணக் கட்டுரை கிடைத்துவிடும். இரண்டு கூழாங்கல், ஒரு சோடா மூடி, முக்கால்வாசி தூளான உஸ்மானியா பிஸ்கட்.

பள்ளி லீவு விட்டால் சார்மினார் எக்ஸ்பிரஸ். சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை சென்னை. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் டிக்கெட்டும் இல்லை, தனிப் படுக்கையும் இல்லை என்பது ரயில்வேயின் விதி. அதனால் டிக்கெட் வாங்கிய அப்பா பெர்த் விளிம்பில் தொற்றிக்கொண்டிருப்பார். டிக்கெட் இல்லாத பயணி நட்டநடுவே குறுக்காகப் படுத்திருக்கும்.

விஜயவாடா தாண்டிக் கிருஷ்ணா பாலம் வரும். ஆற்றில் காசு போடவேண்டும் என்பது பாட்டியின் கட்டளை. ஒரு தடவை நடுராத்திரியில் வாண்டை உலுக்கி எழுப்பி, கையில் ஐந்து ரூபாய் நாணயத்தைத் திணித்து, ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார் அப்பா. "போடு, போடு, பாலம் முடியப் போறது!" வாண்டு கம்பிக்கு வெளியே கையை வீசியது. பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காசு விழுந்த சத்தமே கேட்கவில்லையே என்றாள் அம்மா. ஆறு அவ்வளவு ஆழம் என்று விளக்கினார் அப்பா.

காலையில் மாம்பலத்து அத்தை வீட்டில் வாண்டு இரண்டு தரம் இருமியது. அவ்வளவுதான். அத்தை சுக்குப் பொடியைத் தேனில் குழைத்து எடுத்து வந்துவிட்டாள்.

"நக்கோ!" என்றது வாண்டு.

"ஆமாண்டா கண்ணா, நக்கத்தானே குடுக்கறேன்!"

"நக்கோ! நக்கோ!"

"என்ன சமர்த்து! கேட்டுக் கேட்டுச் சாப்பிடறதே!" என்று அத்தை இன்னொரு விரல் குழைத்தாள்.

ராத்திரி அம்மா கால்சட்டைப் பையைத் துழாவினாள். ஐந்து ரூபாய் நாணயம்.

"அப்போ கிருஷ்ணாவில என்னடா போட்டே?"

"பிஸ்கட்."

"ஏன், காசு?"

"ஆத்துக்குக் காசு நக்கோ."